மகாலைக் கல்யாண மண்டபம் ஆக்காதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நிதானமாகப் படியுங்கள். படித்துவிட்டுத் திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள். படிக்காமலே கை கூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். வகுப்பில் யார் பாடத்தைக் கவனித்தீர்கள், யார் தலையை மட்டும் ஆட்டினீர்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். இப்போதும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரு மனு சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதியவன் என் அண்ணன் மகன். சென்னையில் ஈவென்ட் மேனேஜ்மென்ட் தொழில் செய்கிறான். மதுரை திருமலை நாயக்கர் மகாலை மாலை நேரங்களில் கல்யாண வரவேற்புக்கும் கம்பெனி விருந்துக்கும் வாடகைக்கு விட வேண்டும் என்று அரசைக் கேட்கும் மனு அது. "அத்தை, முதல் கையெழுத்து உங்களோடதா இருக்கட்டும். நீங்க போட்டா உங்ககிட்ட படிச்சவங்க அத்தனை பேரும் போடுவாங்க" என்றான்.

நான் போட மாட்டேன். அவனிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். அதோடு விட்டிருப்பேன். ஆனால் அந்த மனு நம் பழைய மாணவர் குழுவுக்கும் வந்துவிட்டது. "நல்ல யோசனை டீச்சர்", "சுற்றுலா வளரும் டீச்சர்" என்று உங்களில் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர்கூட "எதற்கு?" என்று கேட்கவில்லை. அதனால்தான் எல்லாருக்கும் தெரியும்படி இங்கே எழுதுகிறேன். என் அண்ணன் மகன் கெட்டவன் இல்லை. உழைப்பாளி. அவன் சொல்லும் காரணங்களை மறைக்காமல் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

அவன் சொல்வது நான்கு. ஒன்று, உலகமெல்லாம் அரண்மனைகளில் விருந்து நடக்கிறது, ராஜஸ்தானில் நடக்கிறது, ரஷ்யாவில் ஜார் மன்னர்களின் அரண்மனையிலேயே நடக்கிறது, நமக்கு மட்டும் என்ன? இரண்டு, மாலையில் சும்மா கிடக்கும் கட்டடம், வாடகை வந்தால் அந்தப் பணத்தில் பழுது பார்க்கலாம். மூன்று, பந்தல், விளக்கு, சமையல் என்று நம் பையன்களுக்கு வேலை கிடைக்கும். நான்கு, இப்போது வருகிற ஜனங்கள் தூணில் பெயரைக் கிறுக்கிவிட்டுத்தானே போகிறார்கள், காசு கொடுத்து வருகிறவர்கள் அதைவிட ஒழுங்காக இருப்பார்கள்.

முதலில் மகால் எது என்று ஒரு நினைவூட்டல். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் 1636-ல் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும்தான் அதன் உடம்பு. இன்று நாம் பார்ப்பது அன்று இருந்ததில் ஒரு பகுதி. அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து நிறையப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் பெரிய அளவில் பழுது பார்த்தார்கள். பிறகு 1970 வரை அங்கே கோர்ட் நடந்தது. மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் அங்கே வாய்தாவுக்குப் போய்வந்திருக்கிறார்கள். ராஜா கொலுவிருந்த இடத்தில் வயல் வரப்புத் தகராறுக்காரர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். இப்போது தமிழக அரசின் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போகலாம்.

"மாலையில் சும்மா கிடக்கிறது" என்று மனுவில் எழுதியிருப்பதே தவறு. 1981-லிருந்து அங்கே ஒலி ஒளிக் காட்சி நடந்து வந்திருக்கிறது. அது நடப்பது மாலையில்தான். சிலப்பதிகாரக் கதையைக் கேட்க வெளியூர்ப் பிள்ளைகள் உட்காரும் அதே நேரத்தைத்தான் வரவேற்புக்குக் கேட்கிறார்கள்.

இனி உலகத்துக்கு வருவோம். ராஜஸ்தானை முதலில் பார்ப்போம். ஜோத்பூரில் உமைத் பவன் அரண்மனை. 2018 டிசம்பரில் நடிகை பிரியங்கா சோப்ராவின் கல்யாணம் அங்கே நடந்தது. நீங்கள் எல்லாரும் படம் பார்த்திருப்பீர்கள். அந்த அரண்மனை 1929-ல் தொடங்கி 1943-ல் முடிந்தது. பஞ்சத்தில் தவித்த ஜனங்களுக்கு வேலை கொடுக்கவும் கட்டியது. ஆனால் அது இன்றும் அந்த ராஜ குடும்பத்தின் சொத்து. ஒரு பகுதியில் அவர்கள் குடியிருக்கிறார்கள், ஒரு பகுதி ஓட்டல், ஒரு பகுதி மியூசியம். ஐதராபாத்தின் ஃபலக்னுமா அரண்மனையும் அப்படித்தான், நிஜாம் குடும்பத்தாரிடமிருந்து குத்தகைக்கு எடுத்து 2010-ல் ஓட்டல் ஆனது. நம் பக்கத்தில் காரைக்குடி, கானாடுகாத்தானில் செட்டிநாட்டு வீடுகள் சில தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. அதனால் இடிந்து போகாமல் பிழைத்தும் இருக்கின்றன. இதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. தன் வீட்டைத் தான் வாடகைக்கு விடுவது அவரவர் உரிமை.

மகால் யார் வீடு? அதுதான் கேள்வி. அது என் அண்ணன் மகனின் வீடும் இல்லை, அதிகாரியின் வீடும் இல்லை. ஏழரைக் கோடிப் பேரின் வீடு. அதில் ஒருவருக்கு மட்டும் ஒரு ராத்திரி வாடகைக்கு விட்டு, மற்றவர்களை வாசலில் நிறுத்த யாருக்கு உரிமை?

ரஷ்யா என்றான் அல்லவா, அதையும் பார்ப்போம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் ஸ்ட்ரெல்னா என்ற ஊரில் கான்ஸ்டன்டீன் அரண்மனை இருக்கிறது. 2006-ல் ஜி-8 மாநாடும் 2013-ல் ஜி-20 மாநாடும் அங்கேதான் நடந்தன. அவன் காட்டிய படங்கள் அந்த இடத்துடையவை. பளபளவென்று இருக்கிறது, உண்மை. ஆனால் அது இரண்டாம் உலகப் போரில் பாழாய்ப் போன கட்டடம். 2003-ல் அந்த நகரத்தின் 300-வது ஆண்டு விழாவுக்காக ஏறக்குறையப் புதிதாக எழுப்பினார்கள். மாநாடு நடத்தவே தயார் செய்த இடம் அது. 1636-ல் எழுந்த சுதை வேலைக்கு அதைக் காட்டி வாதாடுவது, புதுச் சட்டையைத் துவைப்பது போலப் பாட்டியின் கூறைப்புடவையையும் கல்லில் அடித்துத் துவைக்கலாம் என்பது போல இருக்கிறது.

ரஷ்ய அரண்மனை என்றால் இன்னொன்றும் நான் சொல்வேன். அதே நகரத்தில் ஜார் மன்னர்களின் குளிர்கால அரண்மனை. 1903 பிப்ரவரியில் அங்கே ஒரு பெரிய மாறுவேட நடன விருந்து நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் 17-ஆம் நூற்றாண்டு ரஷ்யப் பிரபுக்களைப் போல உடை உடுத்தி வர வேண்டும். ஜார் நிக்கோலஸே தன் முன்னோரான பழைய ஜார் ஒருவரைப் போல வேடம் போட்டுக்கொண்டார். அந்த நகைகளையும் பட்டையும் போட்டோ எடுத்து ஆல்பமும் போட்டார்கள். அடுத்த இரண்டாவது ஆண்டு, 1905 ஜனவரியில், தொழிலாளர்கள் குடும்பத்தோடு சாமி படங்களைத் தூக்கிக்கொண்டு அதே அரண்மனையை நோக்கி ஒரு மனுவோடு நடந்து வந்தார்கள். கூலி, வேலை நேரம் இதைப் பற்றித்தான் மனு. துப்பாக்கிச் சூடு நடந்தது. பனியில் பிணங்கள் விழுந்தன. 1917-ல் ஜார் ஆட்சியே போய்விட்டது. அரண்மனை மியூசியமாகி எல்லாருக்கும் திறந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? என் அண்ணன் மகனின் மனுவோடு ஒரு விளம்பரப் படமும் இருக்கிறது. மாப்பிள்ளை தலையில் கிரீடம், பெண்ணுக்குச் சாமரம், வாசலில் வேல் பிடித்த இரண்டு பையன்கள். "ராஜா ராணி தீம்" என்று எழுதியிருக்கிறது. வேல் பிடித்து நிற்கப்போகிற அந்த இரண்டு பையன்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே கிரீடம் வைத்துக்கொள்கிறவரின் தம்பிகளாக இருக்க மாட்டார்கள். ராஜாக்கள் போய், அரண்மனை ஜனங்களுக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆனது! அதைத் திரும்பவும், மூன்று மணி நேரத்துக்கு என்றாலும், ஒருவர் ராஜாவாகவும் மற்றவர் காவலாளாகவும் நிற்கும் இடமாக்க வேண்டுமா? பணம் கட்டியவர் ராஜா. கட்டாதவர் தெருவில். இது சுற்றுலா வளர்ச்சி இல்லை, பின்னால் நடப்பது.

அப்படியானால் பழைய அரண்மனையில் எந்த நிகழ்ச்சியும் கூடாதா டீச்சர் என்று கேட்பீர்கள். கூடும். நான் சொல்வது கதவைப் பற்றி. சென்னையில் ராஜாஜி ஹால் இருக்கிறதே, அது விருந்துக்கென்றே கட்டியது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் கவர்னராக இருந்தபோது, கோல்டிங்காம் என்பவர் 1800-ஐ ஒட்டிக் கட்டினார். பிளாசிப் போரில் ஜெயித்ததையும், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை வீழ்த்தியதையும் கொண்டாட எழுப்பிய விருந்து மண்டபம். நம்மவர்கள் தோற்றதைக் கொண்டாடிக் கறியும் மதுவும் பரிமாறிய இடம். அதே மண்டபத்தில் 1938, 39-ல் சென்னை மாகாணச் சட்டசபை கூடியது. சுதந்திரத்துக்குப் பிறகு பெயர் மாறியது. அண்ணா 1969-ல் மறைந்தபோதும், காமராஜர் 1975-ல் மறைந்தபோதும், எம்.ஜி.ஆர். 1987-ல் மறைந்தபோதும், ஜெயலலிதா 2016-ல், கலைஞர் 2018-ல் மறைந்தபோதும் ஜனங்கள் கடைசியாக முகம் பார்த்தது அந்தப் படிக்கட்டில்தான். வெள்ளைக்காரன் விருந்துக்குக் கட்டினான், நம் ஜனங்கள் அழுவதற்கு அந்தப் படி ஏறினார்கள். அதைவிடப் பெரிய பொது நிகழ்ச்சி எது? யாரும் அழைப்பிதழ் கேட்கவில்லை. கதவு திறந்திருந்தது. அங்கேயும் 2018-ல் நெரிசலில் உயிர்ச்சேதம் ஆனது, அதையும் மறைக்கவில்லை. திறந்த கதவுக்கும் ஒழுங்கு வேண்டும். ஆனால் ஒழுங்கு என்பது வேறு, அழைப்பிதழ் என்பது வேறு.

மதுரையிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைதான் 1959-லிருந்து காந்தி மியூசியம். காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. ராணி வீடு எப்படி ஜனங்களின் வீடாகிறது என்பதற்கு மகாலிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்திலேயே பாடம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களில் ஒரு வக்கீல் பிள்ளை கேட்டிருந்தான். மத்திய அரசு காக்கும் நினைவுச் சின்னங்களுக்கு 1959-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அதன் 7-வது விதி: மத்திய அரசின் எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே கூட்டம், வரவேற்பு, விருந்து, மாநாடு, கேளிக்கை எதுவும் நடத்தக் கூடாது. வழக்கமாக நடந்து வரும் வழிபாட்டுக்கு மட்டும் விலக்கு. மகால் மாநில அரசிடம் இருப்பதால் அதற்கு 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம். சட்டம் எதுவானாலும் நோக்கம் ஒன்றுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் 2018 டிசம்பரில் வாழும் கலை அமைப்பு இரண்டு நாள் தியான நிகழ்ச்சி நடத்த ஏற்பாடு செய்து, வளாகத்துக்குள் பந்தலும் போட்டார்கள். வழக்குப் போனது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. பந்தலைப் பிரித்தார்கள். நிகழ்ச்சி ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாறியது. எது எங்கே நடக்க வேண்டுமோ அங்கே நடந்தது.

பந்தல் என்றதும் சிலர் சிரிக்கலாம், பந்தல் என்ன செய்துவிடும் என்று. அதே பெரிய கோயிலில் 1997 ஜூன் 7-ஆம் தேதி, குடமுழுக்குச் சமயத்தில் யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கோயிலுக்குள் நடந்த வழிபாடு அது, யார் மேலும் குற்றம் சொல்ல அதை இழுக்கவில்லை. பழைய மதில்களுக்குள் கூட்டத்தையும் நெருப்பையும் ஓலையையும் ஒன்றாகச் சேர்த்தால், வெளியே ஓட வழி குறைவு என்பதற்காகச் சொல்கிறேன். சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. அதில் அரசு அலுவலகங்கள் இருந்தன. தீயை அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரைக் கொடுத்தார். பிறகு பல ஆண்டு பாடுபட்டு மீட்டார்கள். பயன்படுத்தினால் கட்டடம் பிழைக்கும் என்பது பாதி உண்மை. எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் மீதிப் பாதி.

இனி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த பாடத்துக்கு வருகிறேன். உப்பு. நீங்கள் மரக்காணத்துப் பிள்ளைகள். பாத்தியில் தண்ணீர் கட்டி, வெயிலில் காயவிட்டு, உப்பு எப்படிப் பூக்கிறது என்று பால் பல் விழும் முன்னே பார்த்தவர்கள். நம் வீட்டுச் சுவரிலும் அதேதான் நடக்கிறது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குச் சுவர் ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து, மாவாக உதிர்கிறதே, அது ஏன்? செங்கல்லுக்குள் இருக்கும் உப்பு ஈரத்தில் கரைகிறது. ஈரம் காயும்போது திரும்ப உப்புக் கல்லாகிறது. கல்லாகும்போது அதற்கு இடம் வேண்டும். இடம் இல்லாததால் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. ஒரு தடவை நனைந்து காய்ந்தால் ஒன்றும் ஆகாது. நூறு தடவை நனைந்து காய்ந்தால் சுவர் போய்விடும். சுவர் ஒரு நின்றபடி இருக்கும் உப்பளப் பாத்தி.

இப்போது மகாலுக்குள் ஆயிரம் பேரை உட்கார வையுங்கள். ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். ஆயிரம் பேர் நான்கு மணி நேரம் என்றால் 200 லிட்டர். பத்துக் குடத்துக்கு மேல். மகாலின் நடுமுற்றம் வானம் பார்த்தது, காற்று போய்விடும் என்று சொல்லலாம். ஆனால் வரவேற்பு வைப்பவர் முற்றத்தை அப்படியே விடுவாரா? மேலே துணி கட்டி, பக்கத்தில் திரை போட்டு, ஏசி வைத்து மூடுவார். சாம்பார் ஆவி, ரசம் ஆவி, ஹோமப் புகை, ஜெனரேட்டர் புகை வேறு. விடிந்ததும் எல்லாவற்றையும் பிரிப்பார்கள், வெயில் அடிக்கும், சுவர் காயும். மறுநாள் அடுத்த வரவேற்பு. நனை, காய், நனை, காய். முகூர்த்த நாள்கள் ஒரு வருஷத்தில் எத்தனை என்று நாட்காட்டியில் எண்ணிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சுவரை விட்டுக் கொஞ்சம் பிரிந்து நிற்கும் சுதைக்குப் பெரிய ஸ்பீக்கரின் அதிர்வு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உதிர்ந்த இடத்தில் அவசரத்துக்கு யாராவது சிமென்ட் பூசுவார். சிமென்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும் என்று நம் ஊரில் சுவர் வைத்த எல்லாருக்கும் தெரியும்.

பணம் வரும், பழுது பார்க்கலாம் என்கிறார்கள். நான் கேட்கிறேன். வாடகை எந்தக் கணக்குக்குப் போகும்? அந்தக் கணக்கிலிருந்து அந்தச் சுவருக்குத் திரும்பி வரும் என்று மனுவில் எந்த வரியில் இருக்கிறது? நான் மூன்று தடவை படித்தேன், இல்லை. சுவரைக் கெடுத்துச் சம்பாதித்து அந்தச் சுவரைச் சரி செய்வது, காலில் புண் வரவழைத்து அதற்கு மருந்து வாங்கப் பிச்சை எடுப்பது போல. இன்னொன்றும் உண்டு. வாடகைக் காசு ருசி கண்ட பிறகு, ஜனங்கள் வருவது தொந்தரவாகத் தெரியும். "இன்று முகூர்த்தம், மதியம் 2 மணியோடு டிக்கெட் இல்லை" என்று முதலில் வரும். பிறகு முன்னாள் இரவே அலங்காரம் என்று ஒரு நாள் முழுக்க மூடும். இதற்கு யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. காசு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் கதவு திறக்கும்.

வேலை கிடைக்கும் என்பது எனக்கு வலிக்கும் வாதம். ஏனென்றால் உங்களில் பலர் பந்தல் போடுகிறீர்கள், சீரியல் செட் கட்டுகிறீர்கள், சமையலுக்குப் போகிறீர்கள். மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் வேலை இல்லை, அப்போது கல்யாண வேலைதான் சோறு போடுகிறது. எனக்குத் தெரியாதா? ஆனால் யோசியுங்கள். மகாலில் நடக்காவிட்டால் அந்தக் கல்யாணம் நடக்காமல் போய்விடுமா? மதுரையில் எத்தனை மண்டபம் இருக்கிறது? எங்கே நடந்தாலும் பந்தலும் விளக்கும் சாப்பாடும் உங்கள் கையால்தான். மகாலில் நடந்தால் உங்கள் கூலி ஒரு ரூபாய் கூடப் போவதில்லை. கூடப்போவது இடத்தின் பெயரைச் சொல்லி வாங்கும் தொகை. அது உங்கள் பைக்கு வராது.

நிஜமாகவே வேலை வேண்டுமென்றால் நான் ஒரு வேலை சொல்கிறேன். சுண்ணாம்பு நீற்று, சாந்து அரைத்து, சுதை செய்யத் தெரிந்த கொத்தனார் இன்று எத்தனை பேர்? பழைய கட்டடம் பழுது பார்க்க ஆள் தேடுகிறார்கள். அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி மனு எழுதுங்கள். அதற்கு இன்றைக்கே முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜனங்கள் கிறுக்குகிறார்கள் என்பது உண்மை. வெட்கப்பட வேண்டியதுதான். நம் பள்ளியிலிருந்து சுற்றுலா போனபோது நானும் பார்த்தேன், தூண் முழுக்க ஆணியால் கீறிய பெயர்களும் இதயப் படங்களும். நம் பிள்ளைகள் வாசலில் நின்றுகொண்டு, "டீச்சர், உள்ளே செருப்போட போலாமா?" என்று கேட்டார்கள். பாதிப் பேர் காலில் செருப்பே இல்லை. ஒருத்தி, அவள் அம்மா உப்பு வாரப் போகிறவர், கால் வெடிப்புக்கு நடுவில் உப்பு அறுத்த காலோடு வீடு திரும்புகிறவர், அந்தப் பிள்ளை மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே "இது யார் வீடு டீச்சர்?" என்றாள். "முன்னே ராஜா வீடு, இப்ப நம்ம வீடு. அதனால சுவத்துல கை வைக்கக் கூடாது" என்றேன். அன்று எங்கள் பிள்ளைகள் நாற்பது பேரில் ஒருவரும் தூணைத் தொடவில்லை. தன் வீடு என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் காப்பாற்றுகிறார்கள். காசு கொடுத்தவன் வீடு என்று சொல்லிக் கொடுத்தால், கிறுக்காமல் இருக்க அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

மாமல்லபுரத்தை யாராவது எடுத்துக் காட்டுவீர்கள் என்று தெரியும், நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கும் ஊர். 2019 அக்டோபர் 11-ஆம் தேதி பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அங்கே சந்தித்தார்கள். அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம் பார்த்தார்கள். கடற்கரைக் கோயில் பக்கத்தில் கலை நிகழ்ச்சியும் விருந்தும் நடந்தன. அதற்காகச் சில நாள்கள் பார்வையாளர்களை நிறுத்தி வைத்தார்கள். நாட்டு வேலை, நாட்டு விருந்தாளி, ஒரு தடவை. பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நாட்டுக்காக ஒருநாள் மூடிய கதவை, வீட்டுக்காக வாரா வாரம் மூடலாம் என்று அதிலிருந்து சட்டம் வரைய முடியாது.

நம் பக்கத்து ஆலம்பரைக் கோட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள், 2004 சுனாமியில் மேலும் போனது. இப்போது ஜோடிகள் போட்டோ எடுக்க மொட்டைச் சுவர் மேல் ஏறி நிற்கிறார்கள். மிச்சம் இருப்பது அவ்வளவுதான் என்று தெரிந்தும் ஏறுகிறார்கள். மகாலுக்கு அந்தக் கதி வர நாள் பிடிக்கும். ஆனால் வழி அதுதான்.

வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நான் நல்ல டீச்சர் இல்லை. என்ன வேண்டும் என்றும் சொல்கிறேன். மகாலில் இசை நடக்கட்டும், நாடகம் நடக்கட்டும், புத்தக வெளியீடு நடக்கட்டும். ஆனால் யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கியோ வாங்காமலோ வரக்கூடியதாக இருக்கட்டும். தனி ஆளுக்கோ கம்பெனிக்கோ கதவை மூடிக் கொடுக்கக் கூடாது. உள்ளே அடுப்பு, நெருப்பு, ஜெனரேட்டர் கூடாது. தூணில் ஆணியும் கயிறும் கூடாது. ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்று கட்டடம் தெரிந்தவர்கள் எண்ணிச் சொல்லி, அந்த எண்ணை வாசலில் எழுதி வைக்க வேண்டும். டிக்கெட் வசூலில் ஒரு பங்கு அந்தக் கட்டடத்துக்கே என்று ஒதுக்கி, வருஷா வருஷம் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி போட வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இலவசமாக, வரிசையில் முதலில் போக வேண்டும்.

இதை அப்படியே மனுவாக எழுதி என் அண்ணன் மகனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவன் தொழில் தெரிந்தவன், பொது நிகழ்ச்சியை இந்த ஒழுங்கோடு நடத்த அவனால் முடியும். கோபம் தணிந்ததும் படிப்பான். வக்கீல் பிள்ளை சட்டப் பிரிவுகளைச் சரிபார்த்துக் கொடு. அரசு வேலையில் இருப்பவர்கள் எந்த அலுவலகத்துக்கு, எந்த முகவரிக்கு என்று சொல்லுங்கள். பழைய மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் எடுத்துவிடுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். நீங்கள் இப்போது என் வகுப்பில் இல்லை, கட்டாயப்படுத்த முடியாது. காரணத்தை மட்டும் கீழே எழுதுங்கள். பிழையில்லாமல் எழுதுங்கள்.

முழு ஆண்டு விடுமுறையில் பிள்ளைகளை மதுரைக்குக் கூட்டிப் போங்கள். மகாலைக் காட்டுங்கள். வாசலிலேயே சொல்லிவிடுங்கள், இது யார் வீடு என்று.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
மரக்காணம்